மாடியில் எத்தனை அங்குலம் மண்?



மாடித்தோட்டம் பற்றி எந்த ஊரில் பேசினாலும், பேச்சு முடிந்ததும் வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஐயா, மாடியில எத்தனை அங்குலம் மண் போடலாம்?" கேட்பவர் கையில் பேனாவோடு நிற்பார். நாலு, ஆறு, ஒன்பது என்று ஏதாவது ஓர் எண் கிடைத்தால் போதும், குறித்துக்கொண்டு போய்விடுவார். அப்படி ஓர் எண்ணை என்னால் தர முடியவில்லை. எந்த மண் என்று தெரியாமல் ஆழத்தைச் சொல்ல முடியாது. எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் மண்ணைச் சொல்ல முடியாது. ஒன்றைத் தீர்மானித்தால் மற்றது பாதி தீர்மானமாகிவிடுகிறது. இந்த இரண்டையும் நம்மூரில் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். செம்மண் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு லோடு இறக்கிவிட்டு, பிறகு அதை எவ்வளவு உயரத்துக்குப் பரப்புவது என்று யோசிக்கிறார்கள். மாடியில் செடி பட்டுப்போவதும், கூரை ஒழுகுவதும், சில வீடுகளில் சிலாப் தொய்வதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

இன்று நான் பேசப்போவது தொட்டிச் செடிகளைப் பற்றி அல்ல. கூரைத் தளம் முழுவதும் மண் கலவையைப் பரப்பி, அதன்மேல் செடி வளர்க்கும் பசுமைக்கூரையைப் பற்றி. குரோபேக் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பயன் உண்டு. இடையில் அதையும் தொட்டுச் செல்கிறேன்.

முதலில் எடை. நம் நாட்டில் கட்டடங்களின் மேல் வரக்கூடிய சுமைகளை வரையறுக்கும் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875. அதன் இரண்டாம் பகுதி, ஆட்கள் ஏறி நடமாடக்கூடிய தட்டைக் கூரைக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் சுமையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. பொறியாளர்கள் லைவ் லோடு என்பது இதைத்தான். நம் மொழியில் சொன்னால் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஆட்கள் போக முடியாத கூரை என்றால் அதில் பாதிதான். பெரும்பாலான வீடுகளின் மாடி இந்த 150 கிலோவை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டதுதான். மாடியில் ஆட்கள் நடமாடுவதற்கும், வடாம் காயப் போடுவதற்கும் இடம் விட்டுத்தான் இந்த 150.

இப்போது மண். நன்றாக நனைந்த தோட்டத்து மண் ஒரு லிட்டர் 1.8 முதல் 2 கிலோ வரை இருக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் பரப்ப 10 லிட்டர் வேண்டும். அதாவது ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 18 முதல் 20 கிலோ. நாலு அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர் பரப்பினால் 180 முதல் 200 கிலோ. ஆள் ஏறுவதற்கு முன்பே, ஒரு செடி நடுவதற்கு முன்பே, கூரைக்குக் கொடுக்கப்பட்ட கணக்கு தாண்டிவிட்டது. மூன்று அங்குலத்திலேயே அது நிரம்பிவிடுகிறது. கடைக்காரர் மூட்டையில் எழுதியிருக்கும் எடை காய்ந்த மண்ணின் எடை. அதை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. கூரை சுமப்பது ஐப்பசி அடைமழையில் நனைந்து ஊறிய மண்ணை. கணக்கில் வரவேண்டியது அந்த எடை.

குரோபேக்கும் இதற்கு விதிவிலக்கல்ல. ஓர் அடி விட்டம், ஓர் அடி உயரம் உள்ள பையில் ஏறக்குறைய 21 லிட்டர் பிடிக்கும். அதில் தோட்டத்து மண்ணை நிரப்பினால் நனைந்தபின் ஒரு பை 38 கிலோ. சதுர மீட்டருக்கு நாலு பை வைத்தாலே 150 கிலோவைத் தொட்டுவிடுகிறோம். அதனால்தான் பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், அடியில் சுவரோ பீமோ ஓடும் கோட்டின்மேல் வரிசையாக வைக்கச் சொல்கிறோம்.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளை இந்தப் பேச்சிலிருந்து விலக்கி வைக்கிறேன். தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லை நிறுத்திக் கட்டிச் சுண்ணாம்பு ஜல்லி போட்ட அந்தக் கூரைகள் அருமையானவை. அவற்றின்மேல் நிரந்தர ஈரத்தை ஏற்றக்கூடாது. கடற்கரையோரத்தில் கான்கிரீட் உதிர்ந்து உள்ளே கம்பி துருப்பிடித்துத் தெரிகிற கூரைக்கும் இதே பதில். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. சிலாப்பின்மேல் வழக்கமாகச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதிக்கிறோம் அல்லவா? அந்த அடுக்கின் எடை ஏறக்குறைய அதே கனமுள்ள ஈர மண்ணின் எடைதான். பசுமைக்கூரை போடுவது என்று வரைபடம் போடும்போதே முடிவு செய்துவிட்டால், அந்த அடுக்கைக் குறைத்து, அந்த எடையை மண் கலவைக்கு ஒதுக்கச் சொல்லிப் பொறியாளரிடம் கேட்கலாம். கட்டி முடித்தபின் கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

எடையைக் குறைக்க வேண்டும், ஆகவே ஆழத்தைக் குறைப்போம் என்று உடனே தோன்றும். இங்கேதான் மண்ணின் குணம் குறுக்கே வருகிறது. பேச்சின் இந்தப் பகுதிக்கு உங்கள் முழுக் கவனம் வேண்டும்.

பாத்திரம் துலக்கும் செவ்வக ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும். ஸ்பாஞ்சு மாறவில்லை, அதிலிருந்த தண்ணீரும் மாறவில்லை. உயரம் மட்டும் மாறியது. துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் இழுவிசை ஒரு குறிப்பிட்ட உயரம் வரைதான் புவியீர்ப்பை வெல்லும். அந்த உயரத்துக்குக் கீழே, வடிகால் திறந்திருந்தாலும், நீர் வடியாமல் தங்கிவிடும். மண்ணிலும் இதுவே நடக்கிறது. மழை பெய்து வடிந்தபின் எந்தத் தொட்டியிலும் எந்தக் கூரையிலும் அடியில் ஒரு நிறைநீர்ப் பட்டை இருக்கும். அதன் உயரத்தை முடிவு செய்வது துகளின் அளவு. பருமணலில் அது சிறியது. களியும் வண்டலும் மிகுந்த மண்ணில் பெரியது.

வயலில் இந்தப் பட்டை நமக்குத் தொல்லை தருவதில்லை. அங்கே மண் அடி அடியாகக் கீழே போகிறது. வேருக்கு மேலே காற்றுள்ள இடம் வேண்டிய அளவு கிடைக்கிறது. அதே வயல் மண்ணை மாடியில் 8 சென்டிமீட்டருக்குப் பரப்பினால், அந்த 8 சென்டிமீட்டர் முழுவதும் நிறைநீர்ப் பட்டைக்குள் விழுந்துவிடுகிறது. கார்த்திகை மாதம் முழுவதும் வேர் மூச்சுத் திணறுகிறது. தை பிறந்து வெயில் ஏறியதும் அதே மண் இரண்டு நாளில் காய்ந்து ஓடு மாதிரி இறுகி வெடிக்கிறது. அழுகலும் கருகலும் ஒரே மண்ணில் ஒரே வருடத்தில் நடப்பதற்குக் காரணம் இதுதான். தண்ணீர் ஊற்றியது போதவில்லை என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். பாவம், அவர் ஊற்றியது சரிதான்.

"அதற்குத்தானே அடியில் ஜல்லி போடுகிறோம்?" என்று கேட்பீர்கள். ஜல்லி இந்தச் சிக்கலைத் தீர்ப்பதில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய துளைகள் உள்ள ஜல்லிக்குள், மேலே உள்ள மண் நிறைந்து வழிகிற வரை, நீர் இறங்காது. ஆகவே நிறைநீர்ப் பட்டை ஜல்லிக்கு மேலே, வேர் இருக்கும் இடத்திலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். பசுமைக்கூரையில் ஜல்லி அடுக்குக்கு வேறு வேலை இருக்கிறது. வழிந்து இறங்கிய நீரைப் பக்கவாட்டில் மழைநீர்க் குழாய் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அது. அந்த வேலைக்கு அது வேண்டும். மண்ணின் குணத்தை மாற்றும் என்று நம்பி அதைப் போடக்கூடாது.

ஆக, அடுக்கு மெல்லியதாக ஆக, கலவை பருமனாக இருந்தாக வேண்டும். ஆழமும் மண்ணும் ஒரே முடிவு என்று தொடக்கத்தில் சொன்னதன் பொருள் இது. ஜெர்மனியில் நிலவடிவமைப்பு ஆய்வுச் சங்கமான எஃப்.எல்.எல். வெளியிடும் பசுமைக்கூரை வழிகாட்டியை உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். மெல்லிய கூரைக்கான கலவையில் 0.063 மில்லிமீட்டருக்கும் நுண்ணிய துகள்கள் எடையில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது அது. முழுக்க நனைந்த நிலையிலும் கன அளவில் பத்தில் ஒரு பங்காவது காற்று இருக்கவேண்டும். நீர்ப்பிடிப்பு 35 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது, 65 சதவீதத்தை மீறவும் கூடாது. நம்மூர் வண்டல் மண்ணையோ கரிசலையோ இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அவை முதல் வரியிலேயே விலகிவிடும். நல்ல மண் என்று தலைமுறை தலைமுறையாக நாம் கொண்டாடுகிற மண் மாடிக்கு ஆகாத மண்ணாகிவிடுகிறது. விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு இதை ஏற்க மனம் வராது. எனக்கும் அந்தத் தயக்கம் புரிகிறது.

மாடியை உயரத்தில் இருக்கும் வயல் என்று எண்ணும் வரை இந்தத் தயக்கம் போகாது. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பணியாற்றும் சூழலியலாளர் ஜெரமி லண்ட்ஹோம் 2006-இல் ஒரு கட்டுரையில் வேறொரு பார்வையை முன்வைத்தார். நகரத்துச் சுவர்களும் கூரைகளும் சூழலியல் கண்ணோட்டத்தில் பாறைகளே. ஆகவே பசுமைக்கூரைக்கு முன்மாதிரியைப் பாறைச் சூழலில் தேடுங்கள் என்றார். இதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தவை புதுக்கோட்டைப் பக்கத்து நார்த்தாமலையும் சித்தன்னவாசலும் மதுரைக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியும். அங்கே போனால் கண்ணால் பார்க்கலாம். வெறும் பாறையில் பாசியும் கற்பாசியும். விரலளவு மண் தங்கிய சரிவில் மழைக்காலத்துக்கு மட்டும் முளைத்து மறையும் சிறு புற்கள். உள்ளங்கையளவு ஆழமுள்ள பள்ளத்தில் நிலையான புல். கள்ளிமுளையானும் பிரண்டையும் பாறை இடுக்கோரம். இன்னும் ஆழமாக மண் சேர்ந்த குழிகளில் புதர். வெடிப்பில் வேரை இறக்கிய கல்லால். அந்த மண்ணை அள்ளிப் பாருங்கள். பாறை உதிர்ந்த பருமணல்தான் அதிகம். களி மிகக் குறைவு. ஆழத்துக்கு ஏற்ற செடி, செடிக்கு ஏற்ற மண் என்ற பாடத்தை அந்தக் குன்றுகள் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கின்றன.

ஐரோப்பாவில் இந்தப் பாடம் தற்செயலாகக் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லினில் குடியிருப்புகளுக்குத் தார்க்கூரை போட்டார்கள். தீப்பிடிக்காமலிருக்க அதன்மேல் மணலும் சரளையும் பரப்பினார்கள். யாரும் எதையும் நடவில்லை. காற்றில் வந்த விதைகள் முளைத்தன. அந்தக் கூரைகளில் சில, உலகப் போரையும் தாண்டிப் பல பத்தாண்டுகள் பசுமையாக நின்றன. பிற்பாடு ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் அவற்றை ஆராய்ந்தபோதுதான் மெல்லிய சரளைப் படுகை நீண்ட காலம் தாங்கும் என்பது அறிவியலாயிற்று.

நான் சொல்வதற்கு நேர் எதிராகத் தோன்றும் ஓர் எடுத்துக்காட்டையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், வொல்லிஸ்ஹோஃபென் பகுதியில் மோஸ் ஏரிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. 1914-இல் கட்டியது. வடிகட்டும் தொட்டிகளில் நீர் குளிர்ச்சியாக இருக்கவேண்டும் என்பதற்காகக் கான்கிரீட் கூரையின்மேல் மணலும் சரளையும் பரப்பி, அதன்மேல் சுற்றுவட்டாரப் புல்வெளி மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் போட்டார்கள். சாதாரண நிலத்து மண். நூறாண்டு கடந்தும் அந்தக் கூரை இருக்கிறது. 30,000 சதுர மீட்டர் பரப்பில் 175 தாவர இனங்கள். சுற்றுப்புறத்தில் அழிந்துபோன ஆர்க்கிடுகள்கூட அங்கே ஆயிரக்கணக்கில் பூக்கின்றன. அப்படியானால் வயல் மண் ஆகாது என்பது பொய்யா? இல்லை. அங்கே மண் 8 சென்டிமீட்டர் அல்ல, அதைப் போல இரண்டு மடங்கு. கட்டடம் கனத்த நீர்த்தொட்டிக் கட்டுமானம், எடையைத் தாங்கியது. நீர் தங்கி நிற்பதை விரும்பும் ஈரப்புல்வெளிச் செடிகள் அந்த மண்ணோடு சேர்ந்தே வந்தன. கோடையும் சூரிக் கோடை. ஆழம், மண், செடி, தட்பவெப்பம் நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தின. அவற்றில் ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு சென்னைக்கு வந்தால் பயன் இல்லை.

அதே நாட்டின் பாசல் நகரம் இன்னொரு படி போனது. ஆய்வாளர் ஸ்டெஃபான் பிரென்னைசன் கூரைகளில் வாழும் சிலந்திகளையும் வண்டுகளையும் எண்ணினார். ஒரே சீராகப் பரப்பிய மெல்லிய படுகையைவிட, அங்கங்கே மேடும் பள்ளமுமாக இருந்த கூரைகளில், உள்ளூர் மண்ணையும் ரைன் ஆற்றுச் சரளையையும் பயன்படுத்திய கூரைகளில், உயிரினங்கள் கூடுதலாக இருந்தன. 2002-இல் பாசல், புதிய தட்டைக் கூரைகள் எல்லாம் பசுமையாக்கப்பட வேண்டும் என்று சட்டம் செய்தபோது இந்த அறிவும் விதிகளுக்குள் வந்தது. குறைந்தது 10 சென்டிமீட்டர் வளர் ஊடகம். இடையிடையே 30 சென்டிமீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமுமான மேடுகள். சராசரி ஆழம் என்ற ஒற்றை எண்ணை உடைத்த விதி இது. நமக்கு இது கட்டடக் கணக்கோடும் ஒத்துவருகிறது. பீமும் சுவரும் வரும் கோட்டில் மேடு, சிலாப்பின் நடுவில் மெல்லிய படுகை என்று வைத்துக்கொள்ளலாம். எடை தாங்கும் இடத்தில் ஆழமான வேர், தாங்காத இடத்தில் படரும் செடி.

ஐரோப்பியக் கூரைகளின் கதாநாயகன் செடம் என்ற சதைப்பற்றுச் செடி. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெறும் 2.5, 5, 7.5 சென்டிமீட்டர் ஆழங்களில் 25 வகைச் சதைப்பற்றுச் செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள். டியர்பார்னில் ஃபோர்டு நிறுவனத்தின் ரூஜ் தொழிற்சாலைக் கூரையில் 10 ஏக்கருக்கும் மேல் செடம் பரப்பியிருக்கிறார்கள். இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே செடம் வாங்க அலைபவர்களை நான் அறிவேன். செடம் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரிவாயுவை உள்ளே வாங்கும் செடி. அதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும். மே மாதத்துச் சென்னையில் நள்ளிரவிலும் 27, 28 டிகிரி. போதாக்குறைக்கு அக்டோபர் வந்தால் வாரக்கணக்கில் நனைகிறது. குளிர்நாட்டுச் செடங்கள் பெரும்பாலும் இங்கே முதல் மழைக்காலத்திலேயே அழுகிவிடும்.

அந்த இடத்துக்கு நம் தெருவோரத்திலேயே ஆள் இருக்கிறது. பருப்புக்கீரை. வெயிலும் ஈரமும் இருக்கும்போது வெப்பநாட்டுப் புற்களைப் போலத் திறமையாக ஒளிச்சேர்க்கை செய்யும். வறட்சி வந்தால் இரவில் மூச்சு வாங்கும் வழிக்கு மாறிக்கொள்ளும். இந்த இரண்டு வழியையும் ஒரே இலையில் வைத்திருக்கும் செடிகள் மிகச் சில. அதன் உறவினர்களான தரைப்பசலையும் பத்துமணிப்பூவும் 5 முதல் 8 சென்டிமீட்டர் படுகையில் நிற்கும். பிரண்டையையும் கள்ளிமுளையானையும் இவற்றோடு சேர்க்கலாம். 10 முதல் 15 சென்டிமீட்டர் கொடுத்தால் சோற்றுக்கற்றாழை, கற்பூரவள்ளி, அருகம்புல், தும்பை. தண்டுக்கீரை, சிறுகீரை வேண்டுமென்றால் 15 சென்டிமீட்டரும் அன்றாடத் தண்ணீரும். கத்தரி, தக்காளிக்கு ஓர் அடி. அதைச் சிலாப் முழுவதும் கொடுக்கும் கூரை சாதாரண வீட்டில் இருக்காது. அவற்றைப் பையிலேயே விட்டுவிடுங்கள்.

5 சென்டிமீட்டருக்கும் கீழே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குளிர்நாட்டில் அது நடக்கும். இங்கே கோடையில் வெறும் கான்கிரீட் தளம் 60 டிகிரியை எட்டுகிறது. மெல்லிய படுகையில் வேர் ஒதுங்க நிழல் இல்லை.

இனி கலவை. மேல்நாட்டில் எரிமலைக் கல்லையும், சூளையில் பொரித்தெடுத்த களிமண் உருண்டைகளையும் பயன்படுத்துகிறார்கள். நமக்கு அவை விலை அதிகம். நம்மிடம் செங்கல் இருக்கிறது. சூளைகளில் உடைந்ததும், இடித்த வீடுகளிலிருந்து வருவதுமாகச் செங்கல் துண்டு இல்லாத ஊரே இல்லை. சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை நீரை உறிஞ்சலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. கட்டுகிறவருக்குக் குறையாகத் தெரியும் அந்தக் குணம் செடி வளர்ப்பவருக்கு வரம். துண்டுகளுக்கு நடுவே காற்று, துண்டுக்கு உள்ளே நீர். லண்டனில் கறுப்பு ரெட்ஸ்டார்ட் என்ற பறவைக்காக அமைத்த கூரைகளிலும் உடைத்த செங்கல்லைத்தான் பரப்பினார்கள். இடித்த கட்டடத்துத் துண்டில் சிமெண்டும் சுண்ணாம்பும் ஒட்டியிருந்தால் காரத்தன்மை ஏறும். சூளைத் துண்டு நல்லது. உடைத்தபின் சலித்துத் தூளை நீக்குவது முக்கியம். தூளோடு போட்டால் மறுபடி களிமண் கதைதான்.

அடுத்தது தென்னை நார்க்கழிவு. தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளைகளோடு கட்டிகளாகக் கொடுத்த பிறகு கோகோபீட் என்ற பெயரில் வீடுகளுக்குள் வந்துவிட்டது. எடை குறைவு, தன் எடையைப் போலப் பல மடங்கு நீர் பிடிக்கும். இந்தப் புகழுக்கு நடுவே இரண்டு எச்சரிக்கைகள். உப்புநீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த நார்க்கழிவில் உப்பு இருக்கும். பலமுறை அலசாமல் போட்டால் நாற்றின் இலை நுனி கருகும். இரண்டாவது, மட்காத நார்க்கழிவு மட்கும்போது மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் பூசணத்தைக் கொண்டு நார்க்கழிவை மட்கவைக்கும் முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கித் தந்திருக்கிறது. மட்கவைத்ததையே வாங்குங்கள். அதையும் அளவோடு போடுங்கள். கரிமப் பொருள் நம் வெப்பத்தில் வேகமாகக் கரையும். பாதிக்குப் பாதி நார்க்கழிவு போட்ட படுகை சில ஆண்டுகளில் தாழ்ந்து, ஆழம் குறைந்து, நுண்துகள் மிகுந்து, நாம் எதை விலக்க நினைத்தோமோ அதுவாகவே மாறிவிடும்.

நான் பரிந்துரைக்கும் தொடக்கக் கலவை, கன அளவில் பத்துப் பங்கு என்று வைத்துக்கொண்டால், 4 முதல் 12 மில்லிமீட்டர் செங்கல் துண்டு ஆறு, மட்கிய நார்க்கழிவு இரண்டு, சலித்த செம்மண் ஒன்று, மண்புழு உரம் ஒன்று. நனைந்த நிலையில் லிட்டர் 1.3 முதல் 1.5 கிலோ வரலாம். ஆனால் என் பேச்சை நம்பிக் கூரையில் ஏற்றாதீர்கள். உங்கள் ஊர்ச் செங்கல் வேறு, உங்கள் செம்மண் வேறு. எடை போட்டுப் பாருங்கள்.

அதற்கு ஆய்வகம் வேண்டாம். 10 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் துளையிட்டு, துணி விரித்து, அளந்து கலவையை நிரப்பி எடை போடுங்கள். ஒரு நாள் முழுக்க நீரில் அமிழ்த்தி வையுங்கள். எடுத்து இரண்டு மணி நேரம் வடியவிட்டு மறுபடி எடை போடுங்கள். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ என்று பார்த்து அதைப் பத்தால் பெருக்கினால், சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டருக்கு எவ்வளவு சுமை என்பது வந்துவிடும். காய்ந்த கலவையில் தொடங்கியிருந்தால் இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம் அது பிடிக்கும் நீர். டப்பாவின் உயரத்தை ஏன் குறிப்பிட்டுச் சொல்கிறேன் என்பது ஸ்பாஞ்சை நினைத்தால் புரியும். உங்கள் படுகை 8 சென்டிமீட்டர் என்றால் டப்பாவிலும் 8 சென்டிமீட்டர்தான் நிரப்பவேண்டும்.

இந்தக் கணக்குத் தாளோடு பொறியாளரிடம் போங்கள். அவர் சதுர மீட்டருக்கு 100 கிலோ தரமுடியும் என்று சொல்லி, உங்கள் கலவை சென்டிமீட்டருக்கு 14 கிலோ என்றால் ஆழம் 7 சென்டிமீட்டர். செடி பத்துமணிப்பூவும் பிரண்டையும். கேள்விக்கு விடை இப்படித்தான் கிடைக்கும்.

அடுக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலாப்பின்மேல் வாட்டர்ப்ரூஃபிங், தண்ணீர் தேக்கிச் சில நாள் வைத்து ஒழுகவில்லை என்று பார்த்தபின் அதன்மேல் வேர்த்தடுப்புத் தாள், பிறகு வடிகால் அடுக்கு, அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதன்மேல் கலவை. வேர்த்தடுப்பைச் செலவு மிச்சம் என்று விடாதீர்கள். கோயில் கோபுரத்தில் காக்கை எச்சத்திலிருந்து முளைத்த அரசும் ஆலும் சுதையைப் பிளப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உங்கள் மாடிக்கும் அதே காக்கைதான் வரும். அரசங்கன்று இரண்டிலை விடும்போதே பிடுங்கிவிட வேண்டும்.

மழையைப் பற்றி ஒரு சொல். பசுமைக்கூரை வெள்ளத்தைத் தடுக்கும் என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. 8 சென்டிமீட்டர் படுகை 40 சதவீதம் நீர் பிடித்தால், அதன் கொள்ளளவு 32 மில்லிமீட்டர். நன்றாகக் காய்ந்திருக்கும்போது ஒரு கோடை மழையை அப்படியே வாங்கிக்கொள்ளும். அது பெரிய நன்மை. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அந்த நாளில் இந்தக் கூரை பத்தில் ஒரு பங்கைக்கூடப் பிடித்திருக்காது. முந்தைய வாரங்களின் மழையில் ஏற்கெனவே நிறைந்திருக்கும். எனவே மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றி ஓர் அடிக்கு மண் இல்லாமல் கூழாங்கல் மட்டும் விட்டு, ஒவ்வொரு மழைக்கு முன்னும் பின்னும் போய்ப் பார்க்கவேண்டும். வாய் அடைத்து 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு இன்னொரு 100 கிலோ ஏறிவிடும். 2003-லிருந்து நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். பசுமைக்கூரையிலிருந்து வரும் நீர் முதல் ஓரிரு ஆண்டுகள் தேநீர் நிறத்தில், உரச்சத்தோடு வரும். அதைக் குடிநீர்த் தொட்டிக்கு விடாமல் தோட்டத்துக்கோ நிலத்தடி ஊறலுக்கோ திருப்புங்கள்.

நடவுக்கு வருகிறேன். படுகை 8 சென்டிமீட்டர் என்றால் பெரிய நர்சரிப் பையில் வளர்ந்த செடியை வாங்காதீர்கள். அதன் வேர்க்கட்டி உங்கள் படுகையைவிட உயரம். சிறிய குழித்தட்டு நாற்றும் ஒடித்து நடும் துண்டும்தான் ஏற்றவை. வேரும் தண்டும் சேரும் இடம் மண்மட்டத்திலேயே இருக்கட்டும். புதைத்தால் மழையில் அழுகும். பிரண்டையில் ஒரு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே. கற்றாழை, கள்ளிமுளையான் துண்டுகளை வெட்டு வாய் காயும்வரை நிழலில் வைத்தபின் நடவேண்டும். காலம் ஆவணி, புரட்டாசி. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பு வேர் பிடித்துவிட்டால், அக்னி நட்சத்திரம் வரும்போது செடிக்கு ஏழெட்டு மாத வேர் இருக்கும். சித்திரையில் ஆசையோடு நட்டால் அன்றாடம் தண்ணீர் தூக்குவதே வேலையாகிவிடும்.

கடைசியாக, இந்த அவையில் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களும் வேளாண் கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரிக் கூரையில் எடை தாங்கும் ஒரு மூலையைப் பொறியாளர் கையொப்பத்தோடு ஒதுக்குங்கள். அதில் 5, 8, 10, 15 சென்டிமீட்டரில் நான்கு ஆழங்கள். செங்கல் துண்டுக் கலவை ஒன்று, நார்க்கழிவு மிகுந்த கலவை ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் செம்மண் ஒன்று. ஆக பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அதே செடிகளை நடுங்கள். ஒரு பருவமழையும் ஒரு கோடையும் முழுதாகக் கடக்கவிட்டு, எது நின்றது, எது அழுகியது, படுகை எத்தனை மில்லிமீட்டர் தாழ்ந்தது, அடியிலிருக்கும் அறையின் வெப்பம் எவ்வளவு குறைந்தது என்று குறித்து, தமிழில் வெளியிடுங்கள். அடுத்த புரட்டாசியில் தொடங்குவதென்றால் செங்கல்லை உடைத்துச் சலிக்கும் வேலையை ஆனியிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். மழை பிடித்துவிட்டால் ஈரத் தூள் சல்லடையில் இறங்காது.